மிலிட்டரி அண்ணனுக்கு ஒரு மாதா அட்டை

"நாளைக்கு எல்லாரும் கார்த் செய்கிறோம்" என்று சிஸ்டர் சொன்னபோது 'கார்த்' என்ற ஒரு சொல்தான் என் காதில் விழுந்தது. பிரான்சில் பிழைக்க வந்தவளுக்குக் கார்த் என்றால் ஒன்றுதான், இங்கே தங்கிக்கொள்ளலாம் என்று அரசாங்கம் கொடுக்கிற அட்டை. அதில் என்ன கோளாறோ என்று இரவெல்லாம் பயந்து, மறுநாள் வேலைக்கு வந்ததும் அதை எடுத்து நீட்டினேன். சிஸ்டர் கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு என்னைச் சாப்பாட்டுக் கூடத்துக்கு அழைத்துப்போனார். மேசை முழுக்க வண்ணத்தாளும் பசையும் கத்தரிக்கோலும் கிடந்தன. நான் வேலை செய்வது கன்னியர் நடத்தும் முதியோர் இல்லம். அதன் திருவிழாவுக்கு, அங்கே வாழும் பழைய ராணுவத்தினருக்கு மரியாதை செய்யக் கையால் வாழ்த்து அட்டை செய்கிறார்களாம். சிலுவை, புறா, மாதா என்று ஏதாவது ஒரு படம் இருக்க வேண்டுமாம்.

நான் முசே ரெனே என்ற முதியவரின் பக்கத்தில் உட்கார்ந்தேன். இளவயதில் அல்ஜீரியாவில் சண்டை போட்டவர். அன்றாடம் நான்தான் அவரைக் குளிப்பாட்டி உடுத்திவிடுகிறேன். நான் நீலத்தாளை வெட்டுவதைப் பார்த்து, யாருக்கு என்று கேட்டார். "என் அண்ணனுக்கு. அவரும் ராணுவத்தில் இருந்தார்" என்றேன். எந்தப் போர் என்று கேட்டார். போர் இல்லை, பனி என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன். அவர் என் கையைத் தட்டிக்கொடுத்துச் சிரித்தார். இந்தியாவில் ஏது பனி, நான் வார்த்தையை மாற்றிச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். திருத்துவதற்கு என்னிடம் பிரெஞ்சு போதவில்லை.

முன்பு பிரெஞ்சுக்காரர் ஆண்ட மண்ணில், பாகூர் ஏரிக்கு அந்தப் பக்கம் எங்கள் ஊர். அப்பாவும் அம்மாவும் கரும்புத் தோட்டத்தில் கூலி வேலை செய்தவர்கள். பிரெஞ்சுப் படையில் இருந்துவிட்டு வந்தவர்களை எங்கள் பக்கத்தில் சொல்தா என்பார்கள். அவர்களுக்குத் தனி மதிப்பு. என் அண்ணன் ஆரோக்கியசாமி சேர்ந்தது இந்திய ராணுவத்தில். முதல் லீவில் உடுப்போடு வந்து இறங்கியபோது தெருவே கூடியது. அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்கு மிலிட்டரிக்காரர் வீடு என்று பெயர். வடக்கே பனிமலை உச்சிக்கு அவரைக் காவலுக்கு அனுப்பியபோது அம்மா மாதாவுக்கு நேர்ந்துகொண்டு, சனிக்கிழமை தோறும் வில்லியனூர் கோயிலுக்கு நடந்தே போய்வந்தார். அண்ணன் உயிரோடு திரும்பினார். இடது கையில் சில விரல்கள் பனியில் கருகிப் போயிருந்தன. மாதா காப்பாற்றிவிட்டார் என்று ஊரெல்லாம் சொல்லி மகிழ்ந்த அம்மா, அதே நம்பிக்கையோடு கண்ணை மூடினார்.

நாங்கள் கவனிக்காதது ஒன்று உண்டு. ஊருக்கு வந்தபின் அண்ணன் கோயிலுக்குள் நுழையவே இல்லை. கொஞ்ச காலம் அரியாங்குப்பத்தில் ஒரு கம்பெனியில் செக்யூரிட்டி வேலை பார்த்தார். பிறகு அதையும் விட்டார். நான் கல்யாணமாகிப் பிரான்சுக்கு வந்து வருஷங்கள் ஓடிவிட்டன. அண்ணி போனில் அழுவார்.

"இன்னாத்த சொல்றது ராணி. ரூம வுட்டு வெளியவே வர்றதில்ல. மனசுக்குன்னு டாக்டர் எழுதித் தந்த மாத்திரயக் குடுத்தா வாயில போட்டுக்கினு அப்பால துப்பிடறாரு. நீ வந்து சொன்னா கேப்பாரு."

அதனால்தான் அந்த அட்டையை அத்தனை சிரத்தையாகச் செய்தேன். வெள்ளைத் தாளை அடுக்கி மலை செய்தேன். அடிவாரத்தில் சின்னதாக ஒரு சிப்பாய். மலைக்கு மேலே வில்லியனூர் மாதா. அவர் இடைக்கச்சைக்கு என் கல்யாணத்துக்கு அண்ணன் எடுத்துக்கொடுத்த நீலப் புடவையின் முந்தானையில் ஒரு துண்டு வெட்டி ஒட்டினேன். கீழே தமிழில் எழுதினேன்: நாட்டைக் காத்த எங்கள் அண்ணனுக்கு. மாதா உன்னைக் காத்தார்.

ஆகஸ்ட் லீவில் ஊருக்குப் போனேன். பதினைந்தாம் தேதி எங்களுக்கு இரண்டு திருநாள், மாதா விண்ணேற்பும் சுதந்திர தினமும். பூசை முடிந்து கொடியேற்றும்போது, ராணுவத்தில் இருந்தவர்களுக்குச் சால்வை போட்டு மரியாதை செய்யப்போவதாகப் பங்குச் சாமியார் வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். இந்த ஒரு தடவை அண்ணன் வந்துவிட்டால் போதும், மற்றதெல்லாம் தானாகச் சரியாகும் என்று அண்ணி நம்பினார். நானும் நம்பினேன்.

அதற்கு முந்தைய நாள் சாயங்காலம் அட்டையைக் கொடுத்தேன். அண்ணன் ஜன்னல் பக்கம் திருப்பி வெகுநேரம் பார்த்தார். புடவைத் துண்டைத் தடவினார்.

"நீயா செஞ்ச?"

"நான்தாண்ணா."

"நல்லா கீது." நான் எழுதியிருந்ததன் மேல் விரலை வைத்து, "மாதா காத்தாங்கன்னு எழுதியிருக்கியே. அப்ப பல்தேவ்?" என்றார்.

அந்தப் பெயரை நான் அதுவரை கேட்டதில்லை. அண்ணியும் கேட்டதில்லை என்பது வாசலில் நின்ற அவர் முகத்தில் தெரிந்தது.

"எங்கூட ஒரே கூடாரத்துல இருந்தவன். நான் ட்யூட்டிக்கு வெளிய வந்தேன். பனி சரிஞ்சி கூடாரத்தோட மூடிக்கிச்சி. அவன் கையில வாக்கி டாக்கி இருந்திச்சி. பேசினே இருந்தான். நாங்க தோண்டனோம், கையாலயே தோண்டனோம். எந்த எடம்னே தெரியல. அவன் சாமியக் கூப்புடல ராணி. அம்மாவக் கூப்புடல. எம்பேரச் சொல்லித்தான் கூப்பிட்டான். சாமி, சாமின்னு. அங்க எல்லாரும் என்ன அப்பிடித்தான் கூப்புடுவாங்க. சத்தம் நிக்கற வரைக்கும் கேட்டுக்கினே இருந்தேன்."

"அது உன் தப்பு இல்லண்ணா."

"தப்புன்னு நான் சொன்னனா? எந்தக் கோயில் பக்கம் போனாலும் ஜனங்க சாமி, சாமிங்குது. எனுக்கு அவன் குரல்தான் கேக்குது."

முதியோருக்கு ஆறுதல் சொல்வதுதான் என் பிழைப்பு. பிரெஞ்சில் மனப்பாடம் செய்துவைத்திருந்த ஆறுதல் வார்த்தைகளில் ஒன்றைக்கூடத் தமிழில் சொல்ல வாய் வரவில்லை.

மறுநாள் பூசைக்கு அவர் வரவில்லை. மைக்கில் அவர் பெயரை இரண்டு முறை கூப்பிட்டார்கள். அண்ணி எழுந்துபோய்ச் சால்வையை வாங்கிக்கொண்டார். எல்லோரும் கைதட்டினார்கள். வீட்டுக்கு வந்தபோது அண்ணன் பின்கட்டில் உட்கார்ந்திருந்தார். "முடிஞ்சிடுச்சா?" என்று மட்டும் கேட்டார். அண்ணி சால்வையைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். அதன்பின் நான் இருந்த நாட்களில், மாத்திரையைப் பற்றி அவர் என்னிடம் பேச்செடுக்கவே இல்லை. என் வருகைதான் அவருடைய கடைசி நம்பிக்கையாக இருந்திருக்கிறது. அதையும் வந்து தீர்த்துவிட்டேன்.

நான் கிளம்பும் அன்று அண்ணன் அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்.

"எடுத்துக்கினு போ. இங்க இருந்தா ஒங்க அண்ணி தெனம் பாத்து அழுவா." வாசல் வரை வந்தவர் திடீரென்று கேட்டார், "நீ இருக்கற ஊர்ல பனி பெய்யுமா?"

"பெய்யும்ணா. தையில நெறைய பெய்யும்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எப்பிடிடி இருக்கற அங்க?" என்றார். அவர் குரலில் இருந்தது அக்கறைதான். ஆனாலும், பனியைத் தேடிப்போய்க் குடியிருக்கிற ஒருத்தியைத் தன்னால் புரிந்துகொள்ள முடியாது என்பதும் அதில் இருந்தது. நான் ஏறிய கார் திரும்புவதற்குள் உள்ளே போய்விட்டார். இப்போதும் போன் செய்தால் அண்ணிதான் எடுக்கிறார். "அப்பிடியேதான் கீறாரு" என்பார். மேற்கொண்டு நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

நவம்பரில், போரில் இறந்தவர்களை நினைவுகூரும் நாளன்று, முசே ரெனேவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு ஊர் நடுவே இருக்கும் போர் நினைவுக்கல்லுக்குப் போனேன். குளிரில் நூறு பேருக்கு மேல் நின்றிருந்தார்கள். மேயர் கல்லில் இருந்த பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார். ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் கூட்டம் ஒரே குரலில், "பிரான்சுக்காக இறந்தார்" என்றது. முசே ரெனேவும் சொன்னார். எனக்குப் பக்கத்தில் நின்ற அம்மாள், நீயும் சொல்லலாம் என்பதுபோல் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நானும் சொன்னேன். அந்தப் பெயர்களில் யாரையும் எனக்குத் தெரியாது. பெயர்கள் முடிந்து எல்லோரும் அமைதி காத்த நேரத்தில், எனக்குத் தெரிந்த ஒரு பெயர் வாய்வரை வந்தது. பல்தேவ் இல்லை, அண்ணனுடைய பெயர். அவர் சாகவில்லை, அந்தக் கல்லும் அவருடைய நாட்டுக் கல் இல்லை. உதட்டை மூடிக்கொண்டு, மற்றவர்களைப்போல் நானும் தலைகுனிந்து நின்றேன்.