சுளகுக் காற்றில் கட்டின விண்

கார்த்திகை மழை ஓய்ந்து வாடைக்காற்று எழும்பினால் கோப்பாயில் பொடியள் எல்லாரும் பட்டத்தோடு தரவைவெளிக்கு ஓடுவார்கள். அதே காற்று எனக்குத் தொய்வு என்கிற மூச்சிழுப்பைக் கொண்டுவரும். யன்னல் பூட்டின அறைக்கு வெளியே நான் ஒரு பட்டக்காலத்தையாவது கழித்ததாக ஞாபகம் இல்லை. கட்டிலில் குந்தியிருந்து, தலையணையை மடியில் வைத்து, அதன்மேல் முழங்கைகளை ஊன்றி, மூச்சை வெளியே தள்ளிக்கொண்டிருப்பேன். தொய்வுக்காரனுக்கு மூச்சை இழுக்கிறதுதான் கஷ்டம் என்று பலரும் நினைக்கிறார்கள். இழுத்ததை விடுகிறதுதான் கஷ்டம்.

ஐயாவும் அண்ணையும் தோட்டக்காரர். அண்ணை ஐந்தாம் வகுப்போடு மண்வெட்டியைப் பிடித்துவிட்டார். நான் மண்வெட்டியைத் தூக்கினால் ஒரு பாத்தி முடிய முந்தி நெஞ்சு கீச்சிடத் தொடங்கும். "உவனாலை கொத்த ஏலாது. படிக்கட்டும்" என்று ஐயா சொல்லிவிட்டார். எங்கள் குடும்பத்தில் ஒருவன் உயர்தரம் வரைக்கும் போனது அப்படித்தான். ஊரில் என்னைக் கெட்டிக்காரன் என்றார்கள். தொய்வு இல்லாவிட்டால் நானும் வெங்காயத்துக்குத் தண்ணி மாறிக்கொண்டுதான் இருந்திருப்பேன் என்பது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

நான் சொல்லப்போகிறது சண்டையால் கரண்ட் நின்றதற்குப் பிறகு வந்த ஒரு மார்கழி. சோதனை எழுதி முடித்து மறுமொழிக்குக் காத்திருந்த நேரம். வாயில் அடிக்கிற மருந்து கடைகளில் இல்லை. குளிசையைப் பாதியாக உடைத்து அம்மா தருவா. பற்றறி இல்லாததால் றேடியோவும் இல்லை. போத்தல் விளக்கின் புகை எனக்கு ஒத்துக்கொள்ளாது. ஆகவே பொழுதுபட்டால் படிப்பும் இல்லை. செய்வதற்கு ஒன்றும் இல்லாதவன் தன் நெஞ்சின் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருப்பான். இப்போது இறுகுதா, இப்போது இளகுதா என்று அதையே காவல் இருந்தேன். நோயைவிட அந்தக் காவல்தான் என்னைக் களைக்கவைத்தது.

ஒருநாள் பின்னேரம் அண்ணை கிழிந்த பட்டம் ஒன்றைக் கொண்டுவந்து கட்டிலில் போட்டார்.

"பனையிலை குத்திப்போட்டுது. உன்ரை கை மெல்லிசுதானே, உதை ஒருக்கா ஒட்டிவிடு."

"எனக்கு உது தெரியாதண்ணை."

"சோதினைக்கு அவ்வளவு எழுதினனி, கடதாசி ஒட்டத் தெரியாதோ?"

அம்மா கோதுமை மாவில் கொஞ்சம் பசை காய்ச்சித் தந்தா. கிழிசலின் ஓரங்களைச் சேர்த்து, மேலே ஒரு துண்டு வைத்து, விரல் நுனியால் தடவித் தடவி ஒட்டினேன். நிமிர்ந்து பார்த்தபோது யன்னல் இடுக்கில் வெளிச்சம் மங்கியிருந்தது. அவ்வளவு நேரமும் என் மூச்சை நான் கேட்கவே இல்லை. அது வழக்கம்போலக் கீச்சிட்டுக்கொண்டுதான் இருந்திருக்கும். எனக்கு அலுவல் இருந்தது, அவ்வளவுதான். அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது என்று இன்றைக்கும் தெரியவில்லை. ஒருவருக்கும் தெரியாமல் வீட்டைவிட்டு வெளியே போய் வந்ததுபோல இருந்தது.

அன்றைக்கே முடிவு செய்தேன்: பொங்கலுக்கு என் கையால் ஒரு பட்டம் மேலே போகவேண்டும். அதிலே விண் கூவவேண்டும்.

விண் என்பது பட்டத்தின் தலையில் கட்டுகிற சின்ன வில். நாண் இருக்கவேண்டிய இடத்தில் தட்டையான நாடா ஒன்றை இழுத்துக் கட்டியிருக்கும். காற்றுப் பட்டால் அது ஊம் என்று விடாமல் கூவும். ஒவ்வொரு விண்ணுக்கும் ஒவ்வொரு குரல். பொங்கலன்று பின்னேரம் வானத்தைப் பாராமலே, "உது இன்னாற்றை பட்டம்" என்று ஊர் சொல்லும். அந்தக் காற்றுக்குள் நான் போக ஏலாது. என் குரலாவது போகட்டும் என்று நினைத்தேன்.

அம்மாவுக்கு விருப்பமில்லை. "மூங்கில் தூள் நெஞ்சுக்கை போனால் ஆர் உன்னைச் சைக்கிளிலை வைச்சு ஆசுப்பத்திரிக்கு உழக்கிறது? இன்னொருக்கா இழுப்பு வந்துதெண்டால் எல்லாத்தையும் அடுப்புக்கை வைப்பன்" என்றா.

அதற்கு வழி அண்ணை கண்டார். தோட்டத்தால் வந்ததும் வீட்டுப் பின்பக்கக் கோடிக்குள் இருந்து உடைந்த போத்தல் ஓட்டால் மூங்கிலைச் சீவி, ஈரத் துணியால் துடைத்து, யன்னல் கம்பிக்குள்ளால் தருவார். நான் தடியை விரலில் நிறுத்திப் பார்ப்பேன். பாரம் ஒரு பக்கம் சாய்ந்தால் திருப்பி நீட்டுவேன்.

"இஞ்சாலை கொஞ்சம் எடுங்கோ."

"முதல் சொன்னதுக்கு மேலை எடுத்தாச்சு."

"இன்னும் கொஞ்சம், அண்ணை."

"இந்தத் தடியைப் போத்தல் ஓட்டோடை கலியாணம் கட்டிவைக்கப்போறியோ? எடு, இதுதான் கடைசி."

தடி வேலை முடிந்தது, கடதாசியும் ஒட்டியாயிற்று. நிவாரண அரிசிப் பொதியைச் சுற்றி வந்த பிளாஸ்ரிக் நாடாவை விண்ணுக்குக் கட்டினேன். ஆனால் பூட்டின அறைக்குள் காற்றுக்கு எங்கே போவது? குசினியிலிருந்து சுளகை எடுத்துவரச் சொன்னேன். நான் விண்ணைப் பிடிக்க அம்மா சுளகால் விசிறினா. சத்தம் வரவில்லை. நாடாவைச் சற்று இளக்கினேன். கிணுகிணு என்றது. இன்னும் இளக்கினேன். திடீரென்று ஊம் என்று கூவியது. அம்மா பயந்து சுளகைக் கீழே போட்டுவிட்டா. பிறகு தானே எடுத்து, "இன்னொருக்கா பாப்பம்" என்று விசிறினா. பாசிப்பயறு கொழிக்கக் கிடந்தது, அதையும் மறந்துபோனா.

பொங்கலுக்கு முந்தின நாள் அண்ணை பட்டத்தைத் தரவைக்குக் கொண்டுபோனார். வாடை தரவைப் பக்கமிருந்து ஊருக்கு மேலாகத்தான் அடிக்கும். அங்கே ஏற்றினால் பட்டம் எங்கள் பனைகளின் பக்கம் வந்து நிற்கும். நான் யன்னல் இடுக்கில் காதை வைத்திருந்தேன். ஊரில் எல்லார் விண்ணும் கேட்டது. நான் சுளகுக் காற்றில் கேட்ட குரல் மட்டும் வரவே இல்லை.

இருட்ட முந்தி அண்ணை பட்டத்தை முதுகில் போட்டுக்கொண்டு வந்தார்.

"ஏறினது நல்ல ஏத்தம். ஆனால் விண் கூவேல்லை. தகரத்திலை மழை பெய்யிற மாதிரிப் படபடவெண்டு அடிக்குது. பொடியள் கேட்டுச் சிரிக்கிறாங்கள்."

"என்ன சொன்னவங்கள்?"

"விண்ணுக்கும் தொய்வோ எண்டாங்கள்."

எனக்கு முகம் சுட்டது. பிறகு அண்ணை சிரிக்க, நானும் சிரித்தேன். சிரிப்பு இருமலாகி, அம்மா ஓடிவந்து முதுகைத் தடவினா.

மூச்சு இளகின பிறகு யோசித்தேன். பிழை நாடாவில் இல்லை. சுளகின் சின்னக் காற்றுக்குக் கூவவைக்கவென்று நான் அதை இளக்கி இளக்கி வைத்திருந்தேன். வாடை அதைப் பிடித்து அடித்திருக்கிறது. இழுவை கூடினால் சுருதி ஏறும் என்று சோதனையில் எழுதினவன் நான். அது கைக்கு வர இவ்வளவு நேரம். வாடையைக் காணாமல் வாடைக்கு விண் கட்டினால் இப்படித்தான் வரும்.

"ஒருக்கா வெளியிலை கொண்டுபோய்க் காத்திலை பிடிச்சுப் பாக்கட்டே?" என்று கேட்டேன். அம்மா போய்க் கதவை மறித்து நின்றா. அதுதான் பதில்.

நாடாவை இறுக்கினேன். சுளகால் விசிறச் சொன்னேன், குரல் மெலிந்தது. இன்னும் இறுக்கினேன், கிணுகிணுப்பு மட்டும். மேலும் இறுக்கினேன். அம்மா கை ஓயும்வரை விசிறியும் ஒன்றும் இல்லை.

"கெடுத்துப்போட்டாய்" என்றா அம்மா.

"இல்லையம்மா. இதுக்குக் கூவாததுதான் சரி" என்றேன். சொல்லும்போது எனக்கே முழு நம்பிக்கை இல்லை. எவ்வளவு இறுக்குவது என்று சொல்ல எந்தச் சூத்திரமும் என்னிடம் இல்லை. சத்தம் நின்ற இடத்திலிருந்து இன்னும் கொஞ்சம் என்று விரல் சொன்னது. முடிச்சைப் போட்டேன்.

பொங்கலன்று காலையில் பொங்கின புக்கை சாப்பிட்டு, பின்னேரம் அண்ணை போனார். நான் கட்டிலில் தலையணையைக் கட்டிப்பிடித்தபடி இருந்தேன். ஒவ்வொரு விண்ணாக எழும்பியது. பிறகு ஒரு புதுக் குரல். சுளகுக் காற்றில் கேட்டதைவிடச் சுருதி ஏறி, உரத்து, அறாமல். எனக்கு அது தெரியாத குரல். தெரியாததால்தான் என்னுடையது என்று பிடித்தேன்.

அம்மா அடுப்படியால் கையைத் துடைத்துக்கொண்டு வந்தா. "உதுவோ?"

"ஓம்."

முற்றத்துக்குப் போய் அண்ணாந்து பார்த்துவிட்டு வந்து சொன்னா: "எங்கடை பனைக்கு மேலை நிக்குது."

கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டு மாமியின் சத்தம் வேலிக்கு மேலாக வந்தது. "எடியே, என்னடி உது உங்கடை வளவுக்கு மேலை? நான் குண்டு போடவந்த பொம்மர் எண்டு பங்கருக்கை குதிச்சிட்டன்!"

"அது எங்கடை சின்னவன்ரை விண், மச்சாள்."

"சின்னவன்ரையோ? முந்தியே சொல்லப்படாதே! பங்கருக்கை முழங்கால் மட்டும் சேறு. பொங்கலுக்கு உடுத்த சீலை!"

அம்மா மன்னிப்புக் கேட்டா. ஆனால் அந்த "சின்னவன்ரை" என்ற சொல்லைத் தேவைக்கு மேலே உரத்துச் சொன்னதாக எனக்குப் பட்டது.

பொழுது சாய, பட்டங்களை இறக்காமல் நூலோடு வீட்டுக்குக் கொண்டுவந்து மரத்தில் கட்டுவது எங்கள் ஊர் வழக்கம். காற்றுப் போகிற பக்கமே நடப்பதால் நூல் தளர்ந்து பட்டம் தலைகுத்தும். சற்று நடந்து, நின்று, நூலை வலித்து, அது திரும்பி எழும்பின பிறகுதான் மறுபடி நடக்கவேண்டும். முந்தியென்றால் கரண்ட் வயர் பெரிய இடைஞ்சல். அந்த வருஷம் வயரில் கரண்டும் இல்லை, பல இடத்தில் வயரே இல்லை. குரல் தாழ்ந்தும் எழுந்தும் கிட்ட வந்தது. அண்ணை நடந்து வருகிற சந்து ஒழுங்கை ஒவ்வொன்றையும் கட்டிலில் இருந்தே சொல்லக்கூடியதாக இருந்தது.

பனையில் கட்டுவார் என்று நினைத்தேன். யன்னலடியில் அவருடைய மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது.

"தம்பி, திற."

அம்மாவைப் பார்த்தேன். அவ யன்னலைத் திறந்தா. வாடை சுவரைச் சுற்றி வந்து முகத்தில் அடித்தது. அண்ணை நூலைக் கம்பிக்குள்ளால் நீட்டினார்.

"பிடி. விட்டிடாதை, இழுக்கும்."

நூல் உள்ளங்கையில் நடுங்கியது. மேலே கூவுகிற கூவல் அப்படியே கைக்குள் இறங்கி, முழங்கையால் ஏறி நெஞ்சுக்கூட்டில் வந்து நின்றது. நெஞ்சு கீச்சிட்டுக்கொண்டுதான் இருந்தது. இரண்டும் சேர்ந்து கேட்டன.

இருமத் தொடங்கினேன். அம்மா நூலை என் கையிலிருந்து வாங்கிக் கட்டில் காலில் சுற்றினா. பிறகு யன்னல் கதவை இழுத்தா. முழுக்கச் சாத்தாமல், நடுவில் நூல் போகிற அளவுக்கு விட்டு, அந்த இடுக்கில் பழஞ்சீலைத் துண்டை மடித்து வைத்தா.

"இப்பிடி வைச்சால் நூல் அறாதோ?" என்று அண்ணையிடம் கேட்டா.

"அறாதம்மா."

கட்டில் மெல்ல அதிர்ந்துகொண்டிருந்தது. அம்மா பாதிக் குளிசையும் சுடுதண்ணியும் தந்துவிட்டு, போகாமல், கட்டில் சட்டத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றா.