சொராய்தாவின் மஞ்சள் நெற்றிச் சிட்டு

என் தம்பி பெண்டாட்டி சொராய்தாவை ஒரு இடத்தில் உட்கார வைக்க யாராலும் ஆகாது. மலைக்காட்டு ஊரான மிண்டோவில் எங்கள் தோட்டத்துக்கு, அந்தரத்தில் நின்று பூந்தேன் குடிக்கும் ரீங்காரச்சிட்டுகள் வருவதும் போவதுமாக இருக்கும், அவளும் அப்படித்தான். அடுப்பில் வாழைக்காய் வதங்கிக்கொண்டிருக்கும்போதே, "லியோனிலா அக்கா, கொஞ்சம் பாத்துக்கோங்க!" என்று கத்திவிட்டு வெளியே ஓடுவாள். வாழைக்காய் கருகினால் தம்பியிடம் திட்டு வாங்குவது நான்.

வால் என்ன நிறம், அலகு நேரா வளைவா, எந்தப் பூவை எது காவல் காக்கிறது என்றெல்லாம் பார்த்து, பறவைப் புத்தகத்தில் தேடிப் பேர் சொல்வாள். அவளுக்கு இருந்த ஒரே சுகம் அதுதான். தம்பி ஒல்மேதோவுக்கோ சிட்டுகள் தேடி வரும் வேலியோரச் செம்பருத்தி மேல் கண். இதழ் விரியாமலே தொங்கும் சாதி அது. அத்தனையையும் வெட்டிவிட்டுப் பன்றிக் கொட்டகை போட வேண்டும் என்று ஓயாத நச்சரிப்பு.

"உன் புத்தகத்துல இல்லாத சிட்டு ஒண்ணைக் காட்டு, செடியைத் தொடவே மாட்டேன்," என்றான் ஒரு நாள், வாய்க்கொழுப்பில்.

அந்த வாரமே வந்துவிட்டது. உடம்பு பச்சை, நெற்றி மட்டும் பளிச்சென்று மஞ்சள். சொராய்தா போட்ட கூச்சலில் நான் காப்பியைக் கொட்டிவிட்டேன். ஒல்மேதோவும் பார்த்தான். புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினான். அப்படியொரு சிட்டு அதில் இல்லை.

"சரி, கொட்டகையை வேற எங்கயாவது போட்டுக்கறேன்," என்று முனகினான்.

ஜெயித்தவள் நிம்மதியாக இருக்க வேண்டியதுதானே? மாட்டாள். பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஜன்னலுக்குப் போவாள், திரும்பி வருவாள், புத்தகத்தைப் பிரிப்பாள், மூடுவாள். பார்க்கிற எனக்கே தலை சுற்றியது.

"என்னடி உனக்கு? அதான் கிடைச்சிருச்சே!"

"இல்லக்கா. அது மத்ததைத் துரத்துற துரத்தலும் வாலும் அப்படியே நம்ம செவ்வால் மாதிரி இருக்கு. மனசைக் குடையுது."

செவ்வால் என்பது இங்கே வீட்டுக்கு வீடு வரும் சண்டைக்காரச் சிட்டு. அதுவென்றால் புத்தகத்தில் இருக்கிறது, செடி போச்சு. "வாயை மூடிக்கிட்டு இரு," என்றேன்.

மத்தியானம் மழை பிடித்தது. மஞ்சள் நெற்றிக்காரன் ஓர் அகன்ற இலைமேல் புரண்டு புரண்டு குளித்தான். சிலிர்த்து நிமிர்ந்தபோது நெற்றியும் பச்சையாகத்தான் இருந்தது. விரித்த வால் செம்பு நிறம். சந்தேகமே இல்லை, செவ்வால்தான்!

மழை விட்டதும் சொராய்தா இலைக்கடியில் நனையாமல் தொங்கிய செம்பருத்தி ஒன்றைப் பறித்தாள். வெளியே நீட்டியிருந்த அதன் மகரந்தத் தண்டைத் தன் நெற்றியில் மஞ்சள் ஒட்டத் தேய்த்துக்கொண்டு நேராகப் புருஷன் முன்னால் போய் நின்றாள்.

"பாத்துக்கோ ஒல்மேதோ, நானும் புதுச் சிட்டுதான்."

அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் சிரித்தான் பாருங்கள், எனக்கு அவனை அறையலாம் போலிருந்தது.

"உன் வாயாலயே நீ கெட்ட! நாளைக்கே வெட்டறேன்," என்றான்.

அவளைத் தனியே இழுத்துப் போனேன். "ஏண்டி, சொல்லாம இருந்தா உன் தலையா போயிடும்?"

"தப்பான பேரைச் சொல்லிக்கிட்டு, தினமும் அது மூஞ்சியில எப்படிக்கா முழிப்பேன்?" கண் கலங்கியிருந்தது.

மறுநாள் காலை ஒல்மேதோ வெட்டுக்கத்தியோடு இறங்கினான். முதல் செடி சாய்ந்தது. சொராய்தா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அப்போது செவ்வால் வந்தது. சாய்ந்த செடியில் பூ தொங்கிய அதே உயரத்தில், வெறும் காற்றில் நின்று அலகை நீட்டியது. ஒன்றுமில்லை. பின்வாங்கியது. மறுபடி அதே இடத்துக்கு வந்து நீட்டியது. ஒல்மேதோவின் முகத்துக்கும் அதற்கும் ஒரு சாண்தான்.

"இல்ல... போ," என்றான் தம்பி. அது போகவில்லை. தேடிக்கொண்டே இருந்தது. ஓங்கிய கை அப்படியே நின்றது.

கத்தியைக் கீழே போட்டான். வெட்டிய கிளை ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து கதவைத் தட்டினான்.

"சொராய்தா, இதை நட்டா வேர் பிடிக்குமா, சொல்லு."