நாலாவது எழுத்து

மெஷினைக் கையில் வாங்கியதும் காந்திமதி முதலில் மோந்து பார்ப்பார். மாம்பழம் வாங்குகிறவரைப்போல மூக்கருகே கொண்டுபோய் ஒரே ஓர் இழுப்பு. வார்னிஷ் கருகிய வாடை வந்தால் உள்ளே சுற்றியிருக்கும் கம்பிச்சுருள், காயில், போய்விட்டது என்று அர்த்தம். வராவிட்டால் கொண்டுவந்தவனைத்தான் முறைப்பார். "காயிலு நல்லாத்தான் கீது. இன்னா பண்ண இத? உண்மையச் சொல்லு."

திண்டிவனம் மேம்பாலத்தை ஒட்டிய சந்தில் அவருடைய மோட்டார் வைண்டிங் கடை. போர் மோட்டார், மிக்ஸி, விசிறி என்று எது வந்தாலும் பிரித்து, கருகிய செம்புக்கம்பியை உருவிப் போட்டுவிட்டுப் புதிதாகச் சுற்றிக் கொடுப்பார். நாற்பத்தைந்து வயது. நைட்டிக்கு மேலே காக்கிச் சட்டை. புதிதாக வருகிறவர்கள் உள்ளே எட்டிப் பார்த்து, "சார் இல்லீங்களா?" என்பார்கள். "சார் வூட்ல துணி தொவைக்கிறாரு. கூப்புடவா?" என்பார், கம்பியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பச்சை குத்தும் மெஷின் அவரிடம் வந்து ஏழு வருடம் ஆகிறது. குயிலாப்பாளையத்தில் டாட்டூ கடை வைத்திருக்கும் ஆனந்தராஜ், உள்ளங்கை அளவுக்கு ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்துவந்து, "இதையும் சுத்துவீங்களா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். பிரித்தால் இரண்டு குட்டிக் காயில், அவற்றின் தலைக்கு மேல் ஓர் இரும்புத் துண்டு, ஒரு ஸ்ப்ரிங், ஒரு ஸ்க்ரூ. "அட, காலிங் பெல்லு!" என்றார் காந்திமதி. மணியை அடிக்க வேண்டிய துண்டு இங்கே ஊசியை அடிக்கிறது, அவ்வளவுதான். அன்றிலிருந்து இந்தப் பக்கத்து எட்டு டாட்டூ கடைகளின் மெஷின்களும் அவர் மேஜைக்குத்தான் வருகின்றன.

அவருக்குப் பொறுக்காத வார்த்தை ஒன்று உண்டு: "மெஷின் போச்சுக்கா." எவன் வந்தாலும் அதைத்தான் சொல்வான். ஊசியைப் பிடித்திருக்கும் ரப்பர் பேண்டை ஒன்றுக்கு மூன்றாகப் போட்டு இறுக்கியிருப்பான், மெஷின் மூச்சுத் திணறும், மெஷின் போச்சு. ஸ்க்ரூ முனையில் கரி அப்பியிருக்கும், உப்புத்தாளால் இரண்டு தேய்ப்பு தேய்த்தால் தீர்ந்தது, மெஷின் போச்சு. ஒயர் உள்ளுக்குள்ளேயே அறுந்திருக்கும், அதற்கும் மெஷின்தான். "யூட்யூப்ல பாத்தேன்க்கா" என்று ஆரம்பித்தால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவார். "அப்ப யூட்யூப்கிட்டயே குடுத்து ரிப்பேர் பண்ணிக்க." அதனால் அவருக்கு ஒரு சட்டம்: மெஷின் மட்டும் தனியாக வரக்கூடாது. ஒயர், பெடல், கரண்ட் கொடுக்கும் பாக்ஸ் எல்லாம் சேர்ந்து வரவேண்டும். "வயித்து வலிக்காரன் வயித்த மட்டும் அனுப்புவானா டாக்டருகிட்ட?"

போன புதன்கிழமை ஆனந்தராஜ் ஒரு குரல்பதிவை அவருக்கு அனுப்பியிருந்தார். டாட்டூ கடைக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் விழுப்புரம் தமிழ்மணி பேசிப் போட்டது. "திண்டிவனம் அக்காகிட்ட இனிமே குடுக்காதீங்கப்பா. அவங்க ரெடி பண்ண மெஷினு ஒரு கஸ்டமர் கையக் கிழிச்சிருச்சி. பேஜாராப் போச்சி."

காந்திமதி அதை இரண்டு முறை கேட்டார். மத்தியானத்துக்குள் இரண்டு கடைக்காரர்கள் வந்து, ரிப்பேருக்குக் கொடுத்திருந்த மெஷின்களைப் பிரிக்காமலேயே திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள். ஒருவன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. ஏழு வருடம் சம்பாதித்த பேர் கால் நிமிடக் குரலில் போய்விடும்போலிருந்தது. தமிழ்மணியைப் போனில் பிடித்தார்.

"மெஷினு, ஒயரு, பெடலு, பாக்ஸு, அந்தக் கை. அஞ்சும் நாளைக்குக் காலைல என் கடைக்கு வரணும்."

"கையாக்கா?"

"கைதான். அது தனியா வராது. அந்தம்மாவையும் கூட்டியா."

வந்தார்கள். அந்தம்மா பெயர் சின்னபொண்ணு. பனமலையில் மல்லாட்டைப் பயிர் போட்டிருக்கும் குடும்பம், ஐம்பது தாண்டியவர். மகள் கலைமதிக்கு நர்ஸ் வேலை கிடைத்த சந்தோஷத்தில், அவள் பேரைக் கையில் எழுதிக்கொள்ள விழுப்புரம் போயிருக்கிறார். புண்ணுக்கு இப்போது அதே மகள்தான் தினமும் கட்டுப் போடுகிறாளாம். "கட்டுப் போட ரெண்டு நிமிசம், திட்டறதுக்கு அர மணி நேரம்" என்றார் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டே. "இதுல ஆரு மேல தப்புன்னு எனக்குத் தெரிஞ்சாவணும்மா. அதுக்குத்தான் பஸ் ஏறி வந்தேன்."

"தெரியும் யக்கா. இன்னிக்கே தெரியும்."

காந்திமதி தன் கடை பாக்ஸில் மெஷினை மாட்டினார். ஒரே சீராக இரைந்தது. ஐந்து நிமிடம் ஓடவிட்டுக் கைகட்டி நின்றார்.

"எங்கடா, ஒழுங்காத்தான ஓடுது?"

"அன்னிக்குத் திடீர்னு வெறி புடிச்சாப்ல ஓடுச்சிக்கா. சத்தியமா."

"திடீர்னு வெறி புடிக்க அது இன்னா நாயா? எவனோ கடிச்சி உட்டானா? நான் சுத்துன காயிலு, நான் வெச்ச ஸ்க்ரூ. என்னை ஒரு வார்த்த கேட்டியா? ஊருக்கெல்லாம் தண்டோரா போட்டுட்டு இப்ப சத்தியம் பண்ணிக்கினு நிக்கிற."

தமிழ்மணி எதிரே மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தான்.

காந்திமதி சின்னபொண்ணுவின் பக்கம் திரும்பி, கட்டைப் பிரிக்கச் சொன்னார். க, லை, ம மூன்றும் எறும்பு ஊர்ந்த மாதிரி மெல்லிசாக, சுத்தமாக இருந்தன. நாலாவது எழுத்து மட்டும் ஏர் ஓட்டிய மாதிரி புரண்டு, ஓரமெல்லாம் சிவந்து வீங்கிக் கிடந்தது. காந்திமதி கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"ஒரே மெஷினு, ஒரே ஆளு. மூணு எழுத்து ஒழுங்கா வந்துருக்கு. நாலாவது எழுதும்போது இன்னா நடந்துச்சி யக்கா? வலிய உடுங்க. கடையில இன்னா நடந்துச்சி?"

சின்னபொண்ணு யோசித்தார். "அதுவரைக்கும் ஒரே புழுக்கம்மா. கரண்டு இல்ல. லைட்டு மட்டும் எரிஞ்சிக்கினு இருந்துச்சி. அப்புறம் அந்த ஏசி ஓட ஆரம்பிச்சிது. ஜில்லுனு மூஞ்சில காத்து வந்துச்சி. அப்பாடான்னு நெனைக்கறேன், கையில வெறகு ஒடைக்கிறாப்ல..."

காந்திமதி கண்ணாடியைக் கழற்றினார். "தமிழு. இன்வர்ட்டர்ல ஓட்டுனியா?"

மேஜைக்கு அடியில் ரிப்பேர் முடிந்த இன்வர்ட்டர் ஒன்று இருந்தது. அதை இழுத்துவைத்து, தமிழ்மணியின் பாக்ஸை அதில் செருகி, மீட்டரை இணைத்தார். மெஷின் தூக்கக் கலக்கத்தில் முனகியது. மீட்டரில் ஐந்தரை வோல்ட். "அன்னிக்கு எங்க வெச்சியோ அங்க வை" என்றார். தமிழ்மணி பாக்ஸின் குமிழைப் பிடித்துத் திருகிக்கொண்டே போய்க் கடைசிக்கு முந்தின கோட்டில் நிறுத்தினான். எட்டு. மெஷின் நல்லபடியாக ஓடியது. குமிழைத் தொடாமல் காந்திமதி பிளக்கை மட்டும் பிடுங்கிச் சுவரில் செருகினார். மீட்டர் பன்னிரண்டுக்குத் தாவியது. மெஷின் மேஜைமேல் துள்ளி வீறிட்டதும் சின்னபொண்ணு பதறி, கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்.

"இதாண்டா உன் வெறி!" காந்திமதியின் குரல் சந்து முழுக்கக் கேட்டது. "அரதப் பழசு பாக்ஸு. இன்வர்ட்டர் கரண்டுல அதுக்குப் பாதி உசுருதான். நீ குமிழத் திருகி ஏத்திட்ட. நெஜக் கரண்டு வந்ததும் இறக்கணும்னு தோணல. ஒரு மனுசி தோலு உன் கைல கீது, ஏசி ஓடற சத்தம் காதுல உழுது, அப்பவும் ஊசிய எடுக்கல. ஆனா குரூப்புல பேச மட்டும் ஜல்தியா வந்துச்சி பாரு வாயி! பாக்ஸு புதுசுன்னு என்கிட்ட சொன்னதே நீதானடா?"

"புதுசுன்னுதான் வித்தான்க்கா..."

"எவன் வித்தான்னா நான் கேட்டேன்? எடு போன. இப்பவே பேசு. எந்தக் குரூப்புல என் பேரக் கெடுத்தியோ அதே குரூப்புல."

தமிழ்மணி சுவரோரம் திரும்பி நின்று போனில் முணுமுணுத்தான். "ப்ரெண்ட்ஸ், அன்னிக்கு ஒரு சின்ன மிஸ்டேக் ஆயிடுச்சி..."

"அழி அத. மிஸ்டேக்கு தானா ஆவாது, ஒரு ஆளு பண்ணணும். ஆளு பேரு சொல்லு. இந்தப் பக்கம் திரும்பி, அந்தம்மா காதுல உழறாப்ல பேசு."

அவன் அழித்துவிட்டுத் தொண்டையைச் செருமிக்கொண்டான். சின்னபொண்ணு அதுவரை பாக்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார். கையில் கட்டை மறுபடி சுற்றியபடி, "ஏம்மா, மெஷின ரெடி பண்ண அன்னிக்கு இந்தப் பொட்டிய நீ பாக்கலயா?" என்று கேட்டார்.

"அவன் கொண்டாரல யக்கா."

"நீ கேக்கலயா?"

காந்திமதி வாயைத் திறந்தார். அன்றைக்கு மயிலத்துக்காரர் ஒருவர் போர் மோட்டாரை இறக்கி வைத்துவிட்டு, தண்ணீரில்லாமல் கேப்பை காய்கிறது, காய்கிறது என்று காதருகே நின்றுகொண்டிருந்தார். அவசரத்தில், புதுசு என்று தமிழ்மணி சொன்னதும், சரி போ என்று மெஷினை மட்டும் வாங்கிக்கொண்டார். ஏழு வருடத்தில் அந்த ஒரு தடவைதான். அது வாய் வரை வந்தது. சொல்லாமல் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைச் சட்டையில் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது. மறுபடியும் துடைத்தார்.

தமிழ்மணி போனை வாய்க்கு நேரே பிடித்து, மைக்கை அழுத்தினான். "எல்லாரும் கேளுங்க. நான் தமிழ்மணி, விழுப்புரம். கஸ்டமர் கையக் கெடுத்தது நான்தான். என் பாக்ஸு சரியில்ல, நானும் கவனிக்கல. திண்டிவனம் அக்கா பண்ண மெஷினு சுத்தமா கீது. அவங்க மேல ஒரு தப்பும் இல்ல."

அனுப்புவதற்கு விரலை எடுக்கப்போனான். காந்திமதி அந்த விரலைத் தன் கட்டைவிரலால் மைக்கின் மேலேயே அழுத்திப் பிடித்துக்கொண்டு, சின்னபொண்ணுவைப் பார்த்தபடியே போனைத் தன் வாய்ப்பக்கம் இழுத்தார்.