காலையில் மட்டும் எரிந்த கண்

எஞ்சின் சோதனைக்கூடத்தில் அவரை எல்லோரும் ‘ஏனக்கா’ என்றுதான் கூப்பிட்டார்கள். எதைச் சொன்னாலும் ‘ஏன்’ என்றுதான் வாயைத் திறப்பார். பன்னிரண்டு வருடம் ஆடை ஆலையில் மெஷின் பழுது பார்த்துவிட்டு, நாற்பத்தொரு வயதில் இங்கே ஆபரேட்டராகச் சேர்ந்தவர்.

அந்த வருடம் எத்தனால் என்ற சாராயத்தில் ஓடும் எஞ்சின் ஒன்று வந்தது. வீட்டில் சொன்னபோது, பஸ் ஓட்டும் கணவர் சிரித்தார். “நான் குடிச்சிட்டு ஓட்டினா வேலை போயிடும். உங்க எஞ்சினுக்கு மட்டும் சலுகையா?”

தினமும் காலையில் எஞ்சினைக் கிளப்பிவிட்டு, கட்டடத்தின் பின்புறம் போய்த் தண்ணீர் வால்வைச் சரிபார்ப்பது ஏனக்காவின் வேலை. எஞ்சின் புகை வெளியேறும் குழாயின் வாயும் அங்கேதான். அங்கே நின்றால் கண் எரிந்தது. கால் மணி நேரம் கழித்துப் போனால் ஒன்றுமில்லை. உள்ளே மீட்டர்களோ எந்நேரமும் புகை சுத்தம் என்றே காட்டின.

“கண்ணு எரியறதை எப்படிக்கா ரிப்போர்ட்ல எழுதறது?” என்றார் சோதனைக்கூடப் பொறியாளர்.

“எழுத வேணாம் சார். ஏன் எரியுதுன்னு மட்டும் சொல்லுங்க.”

பொறியாளர் மீட்டர் தாளையே மறுபடி காட்டினார். ஏனக்காவும் விடவில்லை. மூன்று வாரம் ஒரு நோட்டில் குறித்து வைத்தார்: கிளப்பிய நேரம், எஞ்சினின் சூடு, கண் எரிந்ததா இல்லையா. மழை பெய்து குளிர்ந்த காலைகளில் எரிச்சல் நீண்டிருந்தது. சூடு ஆறாத எஞ்சினைக் கிளப்பிய மதியங்களில் எரிச்சலே இல்லை.

நோட்டைப் புரட்டிய பொறியாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“குளிர்ல எத்தனால் லேசுல ஆவியாகாது. சொட்டுச் சொட்டா உள்ள போய் அரைகுறையா எரியும். அப்ப ஆல்டிஹைடுன்னு கண்ணை எரிக்கிற ஒரு வாயு வரும். நம்ம மீட்டர் அதை அளக்கறதே இல்ல.”

“அளக்காததை எப்படி சார் சுத்தம்னு சொன்னோம்?”

புகையைப் பைகளில் பிடித்து வேறோர் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். முதல் இரண்டு நிமிடப் புகையில் அந்த வாயு, சூடான எஞ்சின் புகையில் இருப்பதைவிட ஒன்பது மடங்கு அதிகம் என்று முடிவு வந்தது.

“ஆவி அடிக்கிற இஸ்திரிப் பெட்டியில தண்ணி சூடாகித்தானே வெளிய வருது? இதையும் சூடாக்கி அனுப்பினா என்ன?” என்று கேட்டார் ஏனக்கா.

“செய்யலாம். ஆனா ஹீட்டர் வைக்க இடமில்லையே.”

இடத்தை ஏனக்கா தேடிக் கண்டுபிடித்தார். எரிபொருளைப் பீய்ச்சும் முனைக்குச் சற்று முன்னால், நான்கு விரல் நீளக் குழாய். முதல் ஹீட்டர் சூட்டில் அளவு மீறியது. எத்தனால் குழாய்க்குள்ளேயே கொதித்து, எஞ்சின் இருமி நின்றுவிட்டது. அன்று மாலையே அவர் அந்த ஹீட்டரைக் கழற்றி எடுத்தார். அடுத்த வாரம், குறித்த சூட்டில் தானாக அணைந்துவிடும் ஹீட்டரைப் பொருத்தினார். எஞ்சின் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. பின்புறம் போய் நின்றார். கண் லேசாகக் கரித்தது, அவ்வளவுதான்.

புதிய பைகளின் முடிவில் வாயு பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. பொறியாளர் கைகொடுத்தார். ஏனக்கா தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“மீதி ஏன் சார் போகல?”

“புகையைச் சுத்தம் பண்ற பெட்டியும் காலையில ஜில்லுனுதான் இருக்கும். அது சூடாகற வரைக்கும் வேலை செய்யாது.”

“எவ்வளவு நேரம் ஆகும்?”

“அதை இதுவரைக்கும் யாரும் அளந்து பார்த்ததில்லக்கா,” என்றார் பொறியாளர். ஏனக்கா வெப்பமானியைத் தேடி அலமாரியைத் திறந்தார்.