இருபத்து மூன்றாவது கோரிக்கை

தேவநாதனைக் கட்சிக்காரர் என்று சொன்னால் சிதம்பரத்தில் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். மைக் பிடித்ததில்லை, கரைவேட்டி கட்டினதில்லை. நடுநாட்டு உழைப்பாளர் முன்னணி என்று ஒரு கட்சி இருக்கிறதே, சுவரில் சின்னம் வரையக்கூட ஆள் தேடுகிற கட்சி, அதன் தேர்தல் அறிக்கைகள் அத்தனையும் இந்த மனுஷன் கைப்பட்டு வந்தவைதான். தலைவர் வாயால் சொல்லிவிட்டுப் போவார். இவர் அதற்கு நம்பர் போட்டு, அடித்துத் திருத்தி, அச்சுக்குக் கொண்டுபோவார். முப்பத்தைந்து வருஷமாக இதே பாடு.

முதல் அறிக்கை தொண்ணூற்றொன்றில் வந்தது. அதில் ஒன்றாம் நம்பர் கோரிக்கை, வெள்ளாற்றில் தடுப்பணை. கடல் தண்ணீர் ஆற்றில் ஏறி, கிள்ளைப் பக்கம் கிணறெல்லாம் உப்பாகிக்கொண்டிருந்த நேரம். ‘ஐந்தே ஆண்டுகளில்’ என்று சேர்த்தது தேவநாதன்தான். எழுதினவர் அதோடு விட்டாரா? அந்த வருஷமே தங்கை மலர்க்கொடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மாப்பிள்ளை வந்தது. சிங்காரம், தங்கமான பையன், ஒன்றரைக் காணி நிலம். ஆனால் ஊரில் வாயில் வைக்கிற மாதிரி தண்ணி இல்லை. அம்மா வேண்டவே வேண்டாம் என்றாள். மலர்க்கொடிக்கும் பயம்தான். தேவநாதன் மை காயாத அறிக்கையைக் கொண்டுவந்து நடுவீட்டில் உட்கார்ந்து படித்துக் காட்டினார். அஞ்சு வருஷம் பல்லைக் கடிச்சிக்க, அப்புறம் பாரு என்றார். தன் கட்சி அறிக்கையைத் தானே நம்பி தங்கையைக் கட்டிக்கொடுத்த கட்சிக்காரர் இவர் ஒருத்தராகத்தான் இருப்பார், போங்கள்.

அடுத்த தேர்தலில் கூட்டணிக்காரர்களின் மனசு கோணக்கூடாது என்று வேறு மூன்று கோரிக்கைகள் முன்னால் வந்தன. தடுப்பணை நாலாவது ஆனது. அப்புறம் ஒன்பது. அப்புறம் பதினாலு. போன தேர்தலில் இருபத்து மூன்று, அதற்குக் கீழே அச்சகத்தின் பெயர்தான். ஒவ்வொரு தடவையும் புது அறிக்கையைத் தங்கையிடம் கொண்டுபோய்க் கொடுப்பார். அவள் நம்பரைப் பார்ப்பாள், டிரங்குப் பெட்டியில் வைத்துவிடுவாள். சிங்காரத்தின் நிலம் உப்புப் பூத்துப்போய், அவர் கடலூரில் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியாக நிற்கிறார்.

இந்த வருஷம் பெரிய கட்சியோடு கூட்டணி, ஒரே ஒரு சீட்டு. தலைவர் இளவரசு கடலூரிலிருந்து போன் பண்ணினார். கட்சியின் கொள்கை வரலாறு புத்தகமாக வரவேண்டுமாம். ஏழு அறிக்கையையும் வரிசையாகத் தொகுத்து, கடைசியில் ‘நிறைவேறியவை’ என்று ஒரு பக்கம். அதில் முதலாவதாகத் தடுப்பணையைப் போடச் சொன்னார். தேவநாதனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பெரிய கட்சி ஆட்சியில் அடிக்கல் நாட்டியாச்சே, அது போதாதா என்றார் தலைவர். அந்தக் கல்லில் இன்றைக்கு ஆடு முதுகு சொறிந்துகொண்டிருக்கிறது.

ஆபீஸில் இருந்த பழைய பிரதிகள் இரண்டாயிரத்துப் பதினைந்து வெள்ளத்தில் கூழாகிவிட்டன. முழு செட்டும் இருப்பது ஒரே இடத்தில். வேறு வழியில்லாமல் கிள்ளை பஸ் ஏறினார்.

மலர்க்கொடி அண்ணனுக்கென்று கேன் தண்ணீரைத் திறந்து டீ போட்டாள். பிரதிகளைக் கேட்டதும் பெட்டியைத் திறந்து ஏழையும் எடுத்து வைத்தாள். முதல் அறிக்கை அவள் கல்யாணப் பத்திரிகைக்குள் மடித்திருந்தது. அதைப் பார்த்ததும் தேவநாதனால் மறைக்க முடியவில்லை, தலைவர் சொன்னதைச் சொல்லிவிட்டார்.

“நிறைவேறிடுச்சின்னு போட்டுட்டா அப்புறம் கேக்கறதுக்கு என்னா இருக்கு?” என்றாள். “இருவத்தி மூணாவதாவே கெடக்கட்டும்ணா. கடைசியிலன்னாலும் கேட்டுக்கிட்டாவது இருக்கும்.”

தேவநாதன் அங்கேயே தலைவருக்குப் போன் போட்டார். இந்த ஒன்றை மட்டும் கோரிக்கையாகவே விட்டுவிடச் சொல்லிக் கெஞ்சினார். முப்பத்தைந்து வருஷத்தில் தனக்கென்று கட்சியிடம் அவர் கேட்டது அது ஒன்றுதான். தலைவர் கோபப்படவில்லை. உடம்பு முடியலன்னா விடுங்க, நம்ம ஆபீஸ் பையன் ஸ்ரீதரை வச்சி எழுதிக்கிறேன் என்றார். பழைய அறிக்கை இல்லாமல் அவன் எப்படி எழுதுவான் என்று தேவநாதன் கேட்டார்.

“அதுக்குப் பழசு எதுக்குங்க? அடிக்கல் போட்டோ இருக்குல்ல” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

மலர்க்கொடி கேட்டாள், “இந்தத் தடவ அறிக்கையில எத்தினியாவது?”

எப்போதும் ஒரு நம்பர் சொல்லிப் பழகின வாய். “நிறைவேறினதுல சேத்துட்டாங்க, இனிமே எதுலயும் இல்ல மலரு” என்றார். கட்சியை நம்பி உன்னை ஏமாத்திட்டேன் என்றார்.

அவள் ஏழையும் ஒன்றாக அடுக்கினாள். முதலாவதை மட்டும் மறுபடியும் கல்யாணப் பத்திரிகைக்குள் வைத்தாள்.

“கட்சிய யாருண்ணா நம்பினா? நீ படிச்சிக் காட்டின. உன்னத்தான் நம்பினேன்.”

எல்லாவற்றையும் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டு, நாலு மணி பஸ்ஸை விட்டால் அடுத்தது ஆறுக்குத்தான் என்றாள். தேவநாதன் வெறுங்கையோடு எழுந்தார்.