பனச்சமூட்டில் மட்டும் பழுதான ஸ்டெபிலைசர்

1. மூன்றாவது தடவை

அந்தப் பெட்டி மூன்றாவது தடவையாகத் திரும்பி வந்த காலையில் மாதவன் சார் சத்தம் போடவில்லை. அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது.

நெய்யாற்றின்கரைப் பக்கம் ஒரு ஓட்டுக் கட்டடத்தில் அவர் தொடங்கிய கம்பெனி அது. முதலில் எரிந்துபோன மோட்டார்களுக்குக் காயில் சுற்றிக் கொடுத்தார்கள். பிறகு பெரிய கம்பெனிகளுக்காகச் சின்ன டிரான்ஸ்பார்மர்கள் செய்தார்கள். அதற்கப்புறம்தான் சொந்தப் பெயர் ஒட்டிய ஸ்டெபிலைசர் வந்தது. வோல்ட்டேஜ் ஏறினாலும் இறங்கினாலும் ஃபிரிட்ஜுக்குச் சீராகக் கொடுக்கிற பெட்டி. நான் டிப்ளமோ முடித்துவிட்டு, பாறசாலையிலிருந்து தினமும் பஸ் ஏறிப் போய் அங்கே டெஸ்டிங் செக்‌ஷனில் வேலை பார்த்தேன்.

பெட்டியைத் திறந்தால் ஒவ்வொரு தடவையும் ஒரே காட்சி. உள்ளே வோல்ட்டேஜை மாற்றிவிடும் ரிலே கருகி ஒட்டிப்போயிருக்கும். டிசைன் பார்க்கிற பினு ரிலேயை மாற்றுவார். டெஸ்ட் பெஞ்சில் பல்பை எரியவிட்டு நாள் முழுக்க ஓட்டுவேன். ஒரு குறையும் இருக்காது. பனச்சமூட்டில் அதை வாங்கிய கடைக்குத் திரும்பப் போனதும் மறுபடி கருகும். அடுத்து இன்னும் கனமான ரிலே போட்டுக் கொடுத்தோம். அதுவும் திரும்பி வந்துவிட்டது.

"அந்தக் கடையில என்னமோ குழப்பம் உண்டு," என்றார் மாதவன் சார். "பனச்சமூட்டு டீலர் இனி நம்ம சரக்கே வேண்டாம்னு சொல்லியாச்சு. இப்பிடிப் போனா ஸ்டெபிலைசரை நிறுத்திட்டு பழையபடி காயில் சுத்த வேண்டியதுதான்."

அப்படி நடந்தால் டெஸ்டிங், அசெம்பிளி இரண்டுமே வேண்டாத செக்‌ஷன்கள் ஆகிவிடும். எனக்கு வேலை போகிற பயம் இருந்தது. அதைவிட, நல்ல பெட்டி ஒரே ஒரு கடையில் மட்டும் ஏன் கெடுகிறது என்று தெரியாமல் தூக்கம் பிடிக்கவில்லை.

"நான் போய்ப் பாத்துட்டு வாறேன் சாரே," என்றேன்.

2. நீல வெளிச்சம்

கடை எஸ்தர் அக்காவுடையது. மீனும் கோழியும் ஐஸ்கிரீமும் விற்றார். ஃப்ரீசர் நின்றுபோய் மீனைக் கொட்டிய கோபம் முகத்தில் அப்படியே இருந்தது.

"கம்பெனிக்காரியா? வா பிள்ளே. பெட்டிய மாத்துததுக்கா, நியாயம் பேசுததுக்கா?"

"ரெண்டும் இல்லக்கா. செத்த நேரம் பக்கத்துல இருந்து பாக்கணும்."

"இரி. ஆனா விக்கிற எடத்துல குறுக்க இருக்கப்பிடாது, கேட்டியா?"

சோதிப்பதற்காகக் கொண்டுபோன பெட்டியை மாட்டி, மீட்டரைச் சொருகி, ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தேன். வோல்ட்டேஜ் கொஞ்சம் குறைவுதான். ஆனால் எங்கள் பெட்டி சமாளிக்கக்கூடிய அளவு. மதியம் வரை ஒன்றுமே நடக்கவில்லை. எஸ்தர் அக்கா சோறும் மீன்கறியும் தந்தார். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பெட்டிக்குள் ‘டக்’ என்றது. உடனே இன்னொரு ‘டக்’. அப்புறம் டக் டக் டக் என்று விடாமல் அடிக்க ஆரம்பித்தது.

நான் மீட்டரைப் பார்த்தேன். முள் துடித்துக்கொண்டிருந்தது. தற்செயலாகத் தலையைத் தூக்கினால், எதிர்ச் சுவரில் நீல வெளிச்சம் வெட்டி வெட்டி மறைந்தது. வெளிச்சம் வரும்போதெல்லாம் ஒரு ‘டக்’.

கையைக்கூடக் கழுவாமல் வெளியே ஓடினேன். அடுத்த கட்டடத்து வெல்டிங் பட்டறையில் ஒரு கேட்டுக்கு வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

விஷயம் புரிந்துவிட்டது. வெல்டிங் கம்பி இரும்பைத் தொட்டதும் லைனில் வோல்ட்டேஜ் சரியும், ரிலே மாறும். கம்பியை எடுத்ததும் வோல்ட்டேஜ் ஏறும். ரிலே திரும்ப மாறும். ஃப்ரீசர் ஓடிக்கொண்டிருக்கும்போதே இப்படி ஓயாமல் மாறினால் எந்த ரிலேதான் தாங்கும்? எங்கள் பெஞ்சிலோ ஆடாத கரண்டும் ஒரு பல்பும்தான்.

சந்தோஷம் தாங்காமல் உள்ளே வந்து சொன்னேன்: "அக்கா, கண்டுபிடிச்சாச்சு! குத்தம் நம்ம பெட்டியில இல்ல. லைன்லயாக்கும்."

எஸ்தர் அக்கா மீன் வெட்டுவதை நிறுத்தவில்லை.

"லைன் நல்லா இருந்தா நான் எதுக்கு பிள்ளே உங்க பெட்டிய வாங்குதேன்?"

நான் போய்க் கையைக் கழுவினேன்.

3. கம்பெனிக்குள் ஒரு வெல்டிங் செட்

மறுநாள் நடந்ததைச் சொன்னபோது மாதவன் சார் முதலில், "அப்பம் அது நம்ம குத்தம் அல்லல்லோ," என்று நிம்மதியானார். எஸ்தர் அக்கா கேட்டதையும் அப்படியே சொன்னேன். மேஜையில் கிடந்த கருகிய ரிலேயை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு பினுவைப் பார்த்து, "எடோ, அவங்க சொல்லுதது சரியாக்கும். ஒரு வெல்டிங் செட் இங்க கொண்டு வரணும்," என்றார்.

வெல்டிங் செட் வந்தது. பல்பை எடுத்துவிட்டுப் பழைய ஃபிரிட்ஜ் ஒன்றைப் பெஞ்சில் மாட்டினோம். பினு ஆளை விட்டு வெல்டிங் வைக்கச் சொன்னார். டக் டக் டக்! பனச்சமூட்டுச் சத்தம் எங்கள் கம்பெனிக்குள்ளேயே கேட்டபோது எல்லோரும் வேலையை விட்டு வந்து வேடிக்கை பார்த்தார்கள்.

ரிலே உடனே மாறாமல் சற்றுத் தாமதிக்கும்படி பினு சர்க்யூட்டை மாற்றினார். முதலில் தாமதம் அதிகமாகிவிட்டது. வோல்ட்டேஜ் உண்மையாகவே குறைந்தபோது ஃபிரிட்ஜ் முனகியது. தாமதத்தைக் குறைத்தார். மறுபடி டக் டக். கடைசியில், சின்ன ஏற்ற இறக்கத்துக்கெல்லாம் ரிலே அசையாதபடி, மேலே மாறுகிற வோல்ட்டேஜுக்கும் கீழே இறங்குகிற வோல்ட்டேஜுக்கும் நடுவே நல்ல இடைவெளியும் கொடுத்த பிறகுதான் பெட்டி அடங்கியது. வெல்டிங் நடந்துகொண்டே இருந்தது. பெட்டி வாயே திறக்கவில்லை. மாதவன் சார் காதைப் பெட்டியோடு ஒட்டி வைத்துக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

ஸ்டெபிலைசர் நிற்கவில்லை. பனச்சமூட்டு டீலர் திரும்ப வந்தார். மலையோரமும் கடலோரமும் லைன் முடிகிற, வோல்ட்டேஜ் நிலையாக இல்லாத ஊர்களிலிருந்தெல்லாம் எங்கள் பெட்டியைத் தேடி வந்தார்கள். கம்பெனி இன்று ஃபேக்டரிகளுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற பேனல் போர்டு வரைக்கும் செய்கிறது.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் உண்டு. பெஞ்சில் பாஸானதோடு டெஸ்டிங் முடிவதில்லை. அந்தச் சாமானை வாங்குகிற ஆளுக்கு என்ன தொல்லை இருக்கிறதோ, அதை முதலில் உங்கள் பெஞ்சுக்குக் கொண்டுவாருங்கள்.

ஒரு வருஷம் கழித்து எஸ்தர் அக்கா கடைக்குப் போய், பெட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அவர் ஃப்ரீசருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"இஞ்சதான் எங்கயோ கெடக்கும் பிள்ளே. நான் அத மறந்தே போனேன்."

அதற்கு மேல் எனக்குப் பாராட்டு வேண்டியிருக்கவில்லை.