ரெட்டைச் சுழி மைதீன்

எங்கள் பண்ணையில் ஏழு குதிரைகள் நிற்கின்றன. அவற்றில் ஒன்றின் மீதாவது என் வீட்டுக்காரர் தில்லைநாயகம் ஏறிச் சவாரி போய் நான் பார்த்ததில்லை. ஒரு தடவை ஸ்டூல் போட்டு ஏற்றி, நாலு பேர் பிடித்துக்கொள்ள, போட்டோ எடுத்தார்கள். பிடித்த நாலு பேரையும் வெட்டிவிட்டு அந்தப் படத்தை ஹாலில் மாட்டியிருக்கிறார். வருகிறவர்கள் எல்லாம் அதைப் பார்த்து "ஜமீன்தார் மாதிரி இருக்கிய" என்பார்கள். அவரும் கொஞ்சம்கூடக் கூச்சமில்லாமல் மீசையைத் தடவிக்கொள்வார்.

சவாரி தெரியாத மனுஷனுக்குக் குதிரைப் பண்ணை எதற்கு என்று நானும் கேட்டிருக்கிறேன். பருத்தி போட்டால் ஊரில் ஒருவனும் திரும்பிப் பார்ப்பதில்லை, குதிரை வளர்த்தால் கல்யாண வீட்டில் முன்வரிசையில் உட்கார வைக்கிறார்கள் என்றார். சங்கரன்கோவிலில் இருந்து திருவேங்கடம் போகிற சாலையில் நல்ல கரிசல் நிலத்தை வளைத்து வேலி போட்டு, ஆளுயரத்துக்குப் பெயர்ப்பலகை வைத்தது இதற்காகத்தான். முழங்கால்வரை பூட்ஸ், கறுப்புக் கண்ணாடி, கையில் ஒரு சாட்டை. குதிரை பலமாக ஒரு தும்மல் போட்டால் போதும், சாட்டை அங்கே கிடக்கும், ஆள் வீட்டுக்குள் வந்திருப்பார்.

குதிரைகளை உண்மையில் வளர்த்தவர் மைதீன். விடிவதற்கு முன்பே எழுந்து, ஊறின கொள்ளை வடித்துத் தவிட்டோடு பிசைந்து வைப்பார். லாயத்தைக் கூட்டி லத்தி அள்ளுவார். மழைக்காலத்தில் கரிசல் மண் குளம்புக்குள் களிபோல அப்பிக்கொள்ளும். ஒவ்வொரு காலாகத் தூக்கி மடியில் வைத்துக் கொக்கியால் நோண்டி எடுப்பார். வெயில் ஏறியதும் தீவனத்துக்குக் குதிரைமசால் அறுக்கப் போவார். புளியங்குடி, கடையநல்லூர் பக்கம் மாப்பிள்ளை ஊர்வலம் என்றால் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நடப்பதும் அவர்தான். குதிரைகளிடம் பேசும்போதுகூட "காலைக் கொஞ்சம் தூக்குங்க, திரும்பி நில்லுங்க" என்று மரியாதையாகத்தான் பேசுவார்.

இதை வைத்து மைதீனைப் பெரிய கெட்டிக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். பூச்சி மருந்தை ஒரு குதிரைக்குக் கொடுக்கச் சொன்னால் பக்கத்துக் குதிரைக்குக் கொடுத்துவிட்டு வந்து நிற்பார். ஒரே பெட்டைக் குதிரையிடம், ஒரே முழங்காலில், இரண்டு தடவை உதை வாங்கியவர். நல்ல மனுஷர், பாடுபடுகிறவர், அவ்வளவுதான். எனக்கு அவர்மேல் எரிச்சல் வந்ததெல்லாம் ஒரே காரணத்துக்காக. என் வீட்டுக்காரரை அவர் உண்மையாகவே பெரிய மனுஷன் என்று நம்பினார். கட்டிக்கொண்ட நானே நம்பாததை இவர் ஏன் நம்ப வேண்டும்?

அவர் எங்களிடம் வந்து சேர்ந்த விதத்தைச் சொல்கிறேன். குதிரை வாங்குகிறவர்கள் பல்லையும் காலையும் பார்ப்பார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். முதலில் பார்ப்பது சுழி. முடி ஓரிடத்தில் வட்டமாகச் சுற்றி வளர்ந்திருக்குமே, அது. நெற்றியில் இருந்தால் ஒரு பலன், கழுத்தில் இருந்தால் வேறு பலன். கண்ணுக்குக் கீழே இருந்துவிட்டால் அந்தக் குதிரையைச் சும்மா கொடுத்தாலும் வாங்க மாட்டார்கள். இதைப் பார்த்துச் சொல்வதற்கென்றே சிவகிரியில் துரைப்பாண்டி என்று ஒருவர் இருக்கிறார். பட்டப்பகலில் டார்ச் அடித்துக் குதிரையைச் சுற்றி வருவார். எங்கள் முதல் குதிரை லாரியில் வந்து இறங்கியபோது அவரைக் கூட்டிவந்திருந்தார்கள். குதிரையோடு ஏறிவந்த ஆள்தான் மைதீன். இறக்கிவிட்டுத் திரும்பிப் போக வேண்டியவர். வாளியைத் தூக்கக் குனிந்தார், துரைப்பாண்டி டார்ச்சை அவர் உச்சந்தலையில் அடித்தார்.

"வே நாயகம், ரெட்டைச் சுழி! ரெண்டும் வலஞ்சுழி! குதிரைய விட்டாலும் விடும், இந்த ஆள விட்டுராதேயும்" என்றார்.

ரெட்டைச் சுழி இருந்தால் ரெண்டு பெண்டாட்டி என்று சொல்லித்தான் நான் கேட்டிருக்கிறேன். குதிரைக்கு ராசி என்று அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். என் வீட்டுக்காரர் அந்த இடத்திலேயே மைதீனைச் சேர்த்துக்கொண்டார். லாயத்துக்குப் பின்னால் இருந்த மோட்டார் அறையை ஒதுக்கிக்கொடுத்து, அவர் மனைவி மைமூனம்மாளையும் கடையநல்லூரில் இருந்து வரவழைத்தார். அன்றிலிருந்து பண்ணையில் என்ன நல்லது நடந்தாலும் அது மைதீன் தலையால் நடந்தது. குட்டி விலைபோனால் சுழி. மழை நேரத்துக்குப் பெய்தால் சுழி. பெருநாளுக்கு மைதீன் ஊருக்குப் போன சமயத்தில் ஒரு குதிரைக்கு வயிறு உப்பியது. வந்த விருந்தாளி ஒருவர் வாழைப்பழத் தாரையே அதற்கு ஊட்டியிருந்தார். ஆனாலும் காரணம் என்னவாம்? சுழி வீட்டில் இல்லையாம்.

மைதீனுக்குத் தலைமுடி கொட்ட ஆரம்பித்து வெகுகாலம் ஆகிவிட்டது. பம்புசெட்டில் குளித்துவிட்டு வரும்போது பார்ப்பேன். காதோரம் மட்டும் கொஞ்சம் நரை, உச்சியில் ஒன்றுமே கிடையாது. மற்ற நேரமெல்லாம் வெயிலுக்காகத் துண்டை இறுக்கிக் கட்டியிருப்பார். பண்ணைக்குப் பால் ஊற்றுகிறவருக்குக்கூட இது தெரியும். என் வீட்டுக்காரருக்குத் தெரியாது. தலைக்காகவே ஒருவரை வேலைக்குச் சேர்த்தவர், அதற்கப்புறம் அந்தத் தலையை ஒருநாளும் பார்க்கவில்லை.

இந்த வருஷம் ஆடித்தபசுத் திருவிழா நெருங்கும்போது ஷார்ஜாவில் இருந்து மைதீனின் அக்கா மகன் நியாஸ் அகமது போன் செய்தான். அங்கே ஓர் அரபியின் குதிரை லாயத்தில் அவன் டிரைவர். மாமாவுக்கு அங்கேயே வேலை பேசி விசாவும் எடுத்துவிட்டேன், கெடு முடிவதற்குள் விமானம் ஏறிவிட வேண்டும் என்றான். இதற்கு முன்னால் இரண்டு தடவை இப்படி வேலை வந்து கைநழுவியிருக்கிறது. முதல் தடவை "குட்டி போடட்டும், அப்புறம் போ" என்றார் என் வீட்டுக்காரர். இரண்டாம் தடவை "தபசு முடியட்டும்" என்றார். இரண்டு தடவையும் மைதீனும் தலையை ஆட்டிவிட்டு இருந்துகொண்டார். இப்போது ஐம்பதைத் தொடப்போகிறார். இனி ஒருவரும் கூப்பிடப்போவதில்லை. மோட்டார் அறையை விட்டால் அவர்களுக்குப் போக வேறு வீடும் கிடையாது.

மைமூனம்மாள் என்னிடம் வந்து உட்கார்ந்தாள். "ரெட்டைச் சுழிக்கு ரெண்டு பொண்டாட்டின்னு சொல்லுவாவள்லா அக்கா, எனக்குச் சக்களத்தி இந்த லாயந்தான். இந்தத் தடவையும் இவிய போகலன்னா எங்களுக்கு நாதியே இல்ல."

"ஒன் வீட்டுக்காரரக் கயித்தப் போட்டா கட்டியிருக்கு? பெட்டியத் தூக்கிட்டுப் போகச் சொல்லு" என்றேன்.

"மொதலாளி வாயால போயிட்டு வான்னு சொல்லாம போக மாட்டாவளாம்."

முதலாளி சொன்னாரா? அவர் ஒரு நிபந்தனை போட்டார். "ஒன்ன மாதிரியே ரெட்டைச் சுழிக்காரன் ஒருத்தனக் கொண்டாந்து நிறுத்திட்டு, தாராளமாப் போயிட்டு வாலே" என்றார். வேறு யாராக இருந்தாலும் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். மைதீன் மறுநாளே ஆள் தேடக் கிளம்பிவிட்டார்! டவுன் பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்துகொண்டு முன்னால் இருக்கிறவர்களின் பின்மண்டைகளைப் பார்த்துக்கொண்டே திருவேங்கடம் போய் வந்தார். சலூன் வாசலில் நின்றார். சிவகிரி, ராயகிரி என்று ஊர் ஊராக அலைந்தார். விசாவின் கெடு கரைந்துகொண்டே வந்தது. "மைதீனு, ஒமக்கே இது கேலியாத் தெரியலையா?" என்று கேட்டேன்.

"சுழின்னு சொல்லுததெல்லாம் சும்மாக்கா. மொதலாளிக்கு என்னை விட மனசில்ல. அத வாய்விட்டுச் சொல்ல மாட்டாவ, கௌரவம் பாப்பாவ. என் மேல அம்புட்டுப் பிரியம்" என்றார். சொல்லும்போது முகத்தில் ஒரு வெட்கம் வேறு.



அப்புறம் பண்ணையில் நடந்த கூத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். லாயத்துக்கு முன்னால் நாற்காலி போட்டு என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருக்க, வேலை கேட்டு வந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து தலையைக் குனிந்து காட்டினார்கள். பக்கத்தில் துரைப்பாண்டி டார்ச்சோடு நின்றார். குதிரையைப் பழக்கத் தெரியுமா என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. வண்டிக்குதிரை ஓட்டிப் பழகின ஆள் ஒருவர் வந்திருந்தார், திருச்செந்தூரில் மொட்டை போட்ட தலையோடு. "முடி மொளச்சப்புறம் வாரும்" என்று அனுப்பிவிட்டார்கள். கடைசியில் ராயகிரிக்காரர் ஒருவருக்கு ரெட்டைச் சுழி இருந்தது. பஞ்சர் கடை வைத்து நொடித்துப்போனவர். குதிரை தலையை ஆட்டினால் இவர் இரண்டடி பின்னால் போனார். அதுபற்றி யாருக்கும் ஆட்சேபணை இல்லை. ஆனால் ஒரு சுழி இடப்பக்கமாகச் சுற்றியிருந்ததாம். "இடஞ்சுழி ஆகாது" என்றார் துரைப்பாண்டி. "வேற ஆளப் பாருலே மைதீனு" என்றார் என் வீட்டுக்காரர்.

மைதீன் ஒரு குதிரையின் காலை மடியில் வைத்துக் குளம்பு நோண்டிக்கொண்டிருந்தவர், அப்படியே நிமிர்ந்து "சரி மொதலாளி" என்றார். கெடு முடிய அந்த வாரம்தான் பாக்கி.

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மைமூனம்மாள் ஈரக்கையோடு எழுந்து வந்தாள். என் வீட்டுக்காரர் முன்னால் அவள் அதுவரை நிமிர்ந்து நின்று பேசியதே இல்லை.

"அண்ணாச்சி, ஊர்ல உள்ள தலையெல்லாம் பாத்திய. இந்தத் தலையையும் ஒருக்கா பாத்துருங்க" என்று சொல்லி, மைதீன் தலையில் இருந்த துண்டை ஒரே இழுப்பாக இழுத்தாள்.

தலை, வழித்த தேங்காய்ச் சிரட்டை மாதிரி இருந்தது. என் வீட்டுக்காரர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். துரைப்பாண்டி அந்த வெயிலிலும் டார்ச் அடித்துப் பார்த்தார். சுழி இருந்த அடையாளமே இல்லை.

"எப்பலேருந்துலே இப்படி?"

"அது ஆச்சு மொதலாளி, ஆறேழு வருசம்."

"என்ட்ட ஒரு வார்த்த சொன்னியாலே?"

"நீங்க கேக்கலியே."

சுழி இல்லாமலேயே இத்தனை வருஷம் பண்ணை நன்றாகத்தானே நடந்திருக்கிறது, அப்படியானால் இதெல்லாம் வெறும் பைத்தியக்காரத்தனம்தானே என்று அறிவுள்ள ஒருவருக்குத் தோன்றும். என் வீட்டுக்காரருக்கு எப்படித் தோன்றும்? எழுந்து நின்று கெட்டதையெல்லாம் எண்ண ஆரம்பித்தார். குட்டி ஒன்று செத்தது, மோட்டார் எரிந்தது, எங்கள் மகன் ஆனந்த்சங்கருக்கும் மருமகளுக்கும் ஒத்துவராமல் போனது, எல்லாம் இதனால்தானாம். "மொட்டத் தலைய மூடிக்கிட்டு என் குடியக் கெடுத்துட்டியேலே" என்றார். கூடவே ராயகிரிக்காரரைப் பார்த்து, "நீ இருடே. ஒண்ணுமே இல்லாததுக்கு இடஞ்சுழி தேவல" என்றார்.

பிறகு மைதீனிடம், "கெளம்பு. பொழுது சாயதுக்குள்ள போயிரணும்" என்றார்.

மைமூனம்மாள் என்னைப் பார்த்தாள். கேட்டது கிடைத்துவிட்டது, முகத்தில் சந்தோஷம் இல்லை. மைதீன் பாதியில் விட்ட குளம்பை முடித்துவிடலாம் என்று குனிந்து குதிரையின் காலைப் பிடித்தார்.

"தொடாதலே!" என்று கத்தினார் என் வீட்டுக்காரர்.

இத்தனை வருஷத்தில் அவரை நான் எத்தனையோ விதமாக ஏளனம் செய்திருக்கிறேன். அன்றைக்குத்தான் அருவருப்பாக இருந்தது. "ஒங்க வாயி அழுகிப்போவும்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். அது அவர் காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை. தோஷம் கழிய லாயத்துக்குப் புற்றுமண் கரைத்துத் தெளிக்க வேண்டும் என்று துரைப்பாண்டியிடம் பேசிக்கொண்டிருந்தார்.

சாமான் அதிகமில்லை. இரண்டு பெட்டி, ஒரு பாய்க்கட்டு, பாத்திர மூட்டை. கடையநல்லூரில் கட்டிக்கொடுத்த மகள் ஷமீரா வீட்டில் இரண்டு நாள் இருந்துவிட்டு, மைதீன் அப்படியே திருவனந்தபுரம் போய் விமானம் ஏறுவதாகப் பேச்சு. ஆட்டோ வேலிக்கு வெளியே நின்றது. நான்தான் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனேன். மைதீன் துண்டைத் தலையில் கட்டவில்லை, தோளில் போட்டிருந்தார். ஆட்டோவில் உட்கார்ந்த பிறகும் பண்ணை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கிருந்து யாரும் வரவில்லை.

"நல்லபடியாப் போயிட்டு வாரும் மைதீனு. நல்ல எடம் கெடச்சிருக்கு" என்றேன்.

"மொட்டன்னு பாத்தப்புறமும், சரி போட்டும் நீ இருலேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தாவன்னா" என்றார். "நான் இருந்திருப்பேன்க்கா. சத்தியமா இருந்திருப்பேன்."

மைமூனம்மாள் மூட்டையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"தெரியும். அதுக்குத்தான் துண்ட உருவுனேன்" என்றாள். ஆட்டோவை எடுக்கச் சொன்னாள்.